டேகு 2011: ஆண்கள் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம்

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, தென் கொரியாவின் டேகு நகரில் நடைபெற்ற உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச்சுற்று நடந்தது. முடிவுக் கோட்டை முதலில் கடந்தவர் கியூபாவின் டைரோன் ரோபிள்ஸ். ஆனால் பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பக்கத்துப் பாதையில் ஓடிய சீனாவின் லியு சியாங்கின் கையில் அவருடைய கை பட்டதால் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இரண்டாவதாக வந்த அமெரிக்காவின் ஜேசன் ரிச்சர்ட்சனுக்குத் தங்கமும், மூன்றாவதாக வந்த லியுவுக்கு வெள்ளியும், நான்காவதாக வந்த பிரிட்டனின் ஆன்டி டர்னருக்கு வெண்கலமும் கிடைத்தன.

தகுதி நீக்கங்கள் தடகளத்தில் புதியவை அல்ல. இந்த ஓட்டம் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் வேறு. நடுவர்கள் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டார்கள். தவறிழைத்தவரின் பதக்கம் பறிக்கப்பட்டது. ஆனாலும் பாதிக்கப்பட்டவருக்கு அவர் இழந்தது திரும்பக் கிடைக்கவில்லை; தங்கம் மூன்றாம் மனிதர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. அது ஏன் அப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஓட்டத்தின் அமைப்பையும் அன்று ஓடியவர்களின் பின்னணியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கெஜக் கணக்கில் பிறந்த ஓட்டம்

110 மீட்டர் ஓட்டத்தில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 1.067 மீட்டர் உயரம். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர், தடைக்கும் தடைக்கும் இடையே 9.14 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 14.02 மீட்டர். விசித்திரமாகத் தோன்றும் இந்த எண்களுக்குக் காரணம் எளியது. இவ்வோட்டம் இங்கிலாந்தில் 120 கெஜ ஓட்டமாக உருவானது. மூன்றரை அடி உயரம், முதல் தடைக்குப் பதினைந்து கெஜம், இடையே பத்துப் பத்துக் கெஜம் என்று அங்கே முழு எண்களாக இருந்தவைதான் மீட்டருக்கு மாறியபோது இப்படி உடைந்துபோயின. 120 கெஜம் என்பது 109.73 மீட்டர். மிச்சமுள்ள துண்டு கடைசி ஓட்டத்தில் சேர்ந்துகொண்டது.

அந்தப் பத்துக் கெஜ இடைவெளிதான் இந்த ஓட்டத்தின் தாளத்தைத் தீர்மானிக்கிறது. உலகத் தரத்தில் ஓடும் எல்லோரும் தடைகளுக்கு இடையே மூன்றே எட்டுகள் வைக்கிறார்கள். எட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. எனவே வேகம் என்பது நீளமாகத் தாவுவதில் இல்லை. அந்த மூன்று எட்டுகளை எவ்வளவு விரைவாக வைத்து முடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. எட்டுகளின் எண்ணிக்கையை மாற்ற முடிகிற ஒரே இடம் தொடக்கத்துக்கும் முதல் தடைக்கும் இடையிலான பகுதி. நெடுங்காலமாகப் பெரும்பாலோர் அங்கே எட்டு எட்டுகள் வைத்து வந்தனர். ரோபிள்ஸ் ஏழு வைத்தார். டேகுவுக்கு வரும் முன் லியுவும் பயிற்சியாளர் சுன் ஹைபிங்கின் வழிகாட்டலில் ஏழுக்கு மாறியிருந்தார். சொல்வதற்கு ஓர் எட்டுக் குறைவுதான். ஆனால் அதற்காகத் தொடக்கக் கட்டையில் எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே என்பதையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். உலக சாதனை படைத்த ஒருவர், காயத்திலிருந்து மீண்டு வந்தபின், இருபத்தேழு வயதில் அதை முதலிலிருந்து கற்றுக்கொள்வது சிறிய காரியமல்ல.

மூவர்

டேகு இறுதிச்சுற்றில் நின்றவர்களுள் மூவர் அந்நாள் வரை வரலாற்றிலேயே மிக வேகமாக இத்தூரத்தைக் கடந்தவர்கள். ரோபிள்ஸ் 12.87 வினாடி, 2008 ஜூனில் செக் குடியரசின் ஆஸ்ட்ராவாவில். லியு 12.88, 2006 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசானில். அமெரிக்காவின் டேவிட் ஆலிவர் 12.89, 2010 ஜூலையில் பாரிசில். 12.90 வினாடிக்குக் கீழே ஓடியவர்கள் அப்போது உலகில் இந்த மூவர் மட்டுமே. மூவருக்கும் இடையே இருந்தது வினாடியில் நூறில் இரண்டு பங்கு. இப்படி முதல் மூன்று பேரும் ஒரே தொடக்கக் கோட்டில் நிற்பது எந்த உலகப் போட்டியிலும் அபூர்வம்.

இவர்களுள் லியுவின் கதைதான் பெரியது. 1983இல் ஷாங்காயில் பிறந்த அவர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 12.91 வினாடியில் வென்று, 1993இல் பிரிட்டனின் காலின் ஜாக்சன் படைத்திருந்த உலக சாதனையைச் சமன் செய்தார். ஒலிம்பிக் தடகளத்தில் தங்கம் வென்ற முதல் சீன ஆண் அவர்தான். 2007இல் ஒசாகாவில், விளிம்பில் உள்ள ஒன்பதாம் பாதையிலிருந்து ஓடி 12.95 வினாடியில் உலக சாம்பியன் ஆனார். அந்த ஓட்டத்தில் நான்காம் இடம் பெற்ற இருபது வயது இளைஞர்தான் ரோபிள்ஸ்.

அடுத்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக். நாடே அவர் ஓட்டத்துக்காகக் காத்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஆகஸ்ட் 18 அன்று தகுதிச்சுற்றில் வேறொரு வீரரின் தவறான தொடக்கத்துக்குப் பிறகு லியு மீண்டும் கோட்டுக்குத் திரும்பவில்லை. குதிகால் தசைநாண் காயத்துடன் திடலைவிட்டு வெளியேறினார். செய்தியாளர் கூட்டத்தில் சுன் ஹைபிங் அழுதார். மூன்று நாள்கள் கழித்து ரோபிள்ஸ் 12.93 வினாடியில் தங்கம் வென்றார். அது நியாயமான வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் லியு இல்லாத வெற்றி என்ற சொல் அதனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 2009இல் பெர்லின் உலகப் போட்டிக்கு லியு வரவில்லை. ரோபிள்ஸ் அரையிறுதியில் காயமடைந்தார். பார்படோசின் ரயன் பிராத்வெய்ட் 13.14 வினாடியில் வென்றார். ஆக, ஒசாகாவுக்குப் பின் நான்கு ஆண்டுகளாக, ஒலிம்பிக்கிலோ உலகத் தடகள சாம்பியன்ஷிப்பிலோ 110 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச்சுற்று எதிலும் இவர்கள் இருவரும் சந்திக்கவே இல்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2009 செப்டம்பரில் ஷாங்காயில் லியு மீண்டும் ஓடத் தொடங்கினார். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 13.09 வினாடியில் தங்கம் வென்றார். 2011 மே மாதம் ஷாங்காயில் 13.07 வினாடியில் ஆலிவரை வென்றார். ஜூனில் அமெரிக்காவின் யூஜீனில் ஆலிவர் 12.94 வினாடியில் ஓடி அவரை வென்றார், லியு 13.00. டேகுவுக்கு வந்தபோது மூவரில் யார் வெல்வார் என்று துணிந்து சொல்லக்கூடிய நிலை இல்லை. ஜேசன் ரிச்சர்ட்சன் பெயரை முதலில் சொன்னவர்கள் மிகக் குறைவு. 2003 உலக இளையோர் போட்டியில் 110 மீட்டர், 400 மீட்டர் ஆகிய இரண்டு தடை ஓட்டங்களிலும் வென்றவர் அவர். ஆனால் பெரியவர்களுக்கான உலகப் போட்டி எதிலும் அதுவரை பதக்கம் பெற்றதில்லை.

ஆகஸ்ட் 29 இரவு

முந்தைய நாள்தான் 100 மீட்டர் இறுதிச்சுற்றில் உசைன் போல்ட் துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பித் தகுதி நீக்கம் பெற்றிருந்தார். அன்றாட நிகழ்ச்சிநிரல் கையேட்டின் அட்டையில் யார் படம் வருகிறதோ அவருக்கு ஏதோ ஆகிறது என்று ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. முதல் நாள் அட்டையில் இருந்த ஆஸ்திரேலியாவின் கோலூன்றித் தாண்டும் வீரர் ஸ்டீவன் ஹூக்கர் ஓர் உயரத்தையும் தாண்டாமல் வெளியேறினார். இரண்டாம் நாள் போல்ட். மூன்றாம் நாள் அட்டையில் இருந்தவர் ரோபிள்ஸ். தற்செயல்தான், ஆனால் செய்தியாளர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

இறுதிச்சுற்றில் ரோபிள்ஸும் லியுவும் அடுத்தடுத்த பாதைகளில் ஓடினர். தொடக்கத்தில் ரோபிள்ஸ் முந்தினார். லியு எப்போதும் பின்பாதியில் வேகம் பிடிப்பவர். அன்றும் அப்படியே, ஒவ்வொரு தடையாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். எட்டாம் தடையைத் தாண்டியபின் இருவரும் ஏறத்தாழ தோளுக்குத் தோள். ஒன்பதாம் தடையருகே ரோபிள்ஸின் கை லியுவின் கையில் பட்டது. பத்தாம் தடையில் மீண்டும் பட்டது. இம்முறை லியுவின் தாளம் குலைந்தது. அவர் தடையில் இடித்துத் தடுமாறினார். கடைசி 14 மீட்டரில் ரிச்சர்ட்சன் அவரைக் கடந்து போனார்.

நேரங்கள் இவை: ரோபிள்ஸ் 13.14, ரிச்சர்ட்சன் 13.16, லியு 13.27. முதலிருவருக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ ஒரு சாண். டர்னரும் ஆலிவரும் 13.44 என ஒரே நேரத்தைப் பதிவு செய்தனர்; ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்தே டர்னர் முன்னே வைக்கப்பட்டார். ரோபிள்ஸ் ஓடிய 13.14, பெர்லினில் பிராத்வெய்ட் தங்கம் வென்ற அதே நேரம் என்பதைக் கவனிக்கலாம். அதாவது இது சாதனை நேரங்கள் பதிவான ஓட்டமல்ல. வரலாற்றின் மூன்று வேகமான வீரர்களும் தங்கள் சிறந்த நேரத்தின் பக்கத்தில்கூட வராத ஓர் இரவு.

ரோபிள்ஸ் கியூபக் கொடியுடன் மைதானத்தை வலம் வந்தார். சீன அணி எதிர்ப்பு மனு கொடுத்தது. நடுவர்கள் காணொளியைப் பார்த்து ரோபிள்ஸைத் தகுதி நீக்கம் செய்தார்கள். கியூபா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டுக் குழு அதை ஏற்கவில்லை. லியு செய்தியாளர்களிடம் பேசியபோது ரோபிள்ஸின் மீது பழி எதுவும் சுமத்தவில்லை.

கைகள் மோதுவது எப்படி?

ஓடுபாதை ஒன்றின் அகலம் 1.22 மீட்டர். தடையின் குறுக்குப் பலகை அதைவிட இரண்டு முதல் நான்கு செ.மீ. மட்டுமே குறைவு. ஆக, தடைகள் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி நிற்கின்றன. அவற்றின் மேல் பாய்பவர்களோ ஆறடிக்கு மேற்பட்ட ஆட்கள்.

தடையைத் தாண்டும்போது ஒரு கால் முன்னே நீள்கிறது. அதற்கு எதிர்ப்புறக் கை சமநிலைக்காக அதனுடன் முன்னே நீள்கிறது. பின்னால் வரும் கால் மடங்கிப் பக்கவாட்டில் சுழன்று முன்னே வரும்போது, நீண்ட அந்தக் கை துடுப்புப் போடுவதுபோல் வெளிப்புறமாக வளைந்து பின்னே போகிறது. இடது பாதையில் ஓடுபவர் இடக்காலையும் வலது பாதையில் ஓடுபவர் வலக்காலையும் முன்னே நீட்டினால், முதலாமவரின் வலக்கையும் இரண்டாமவரின் இடக்கையும் ஒரே இடைவெளிக்குள் வீசப்படும். இருவரும் ஒரே நொடியில் தடைமேல் இருந்தால் மோதல் வர அதுவே போதும். ஒருவர் முன்னும் மற்றவர் பின்னும் இருந்தால் வராது. எனவேதான் ஓட்டத்தின் தொடக்கத்தில் இல்லாமல், லியு சமமாக வந்தபின் இது நடந்தது.

எல்லா இறுதிச்சுற்றுகளிலும் இப்படிச் சிறு உரசல்கள் உண்டு; பெரும்பாலானவை யாரும் கண்டுகொள்ளாமல் போய்விடுகின்றன. கோடுகள் தரையைப் பிரிக்கின்றன. தடைக்கு மேலே உள்ள காற்றை யாராலும் பிரித்துக் கொடுக்க முடியவில்லை. ரோபிள்ஸ் வேண்டுமென்றே செய்தாரா என்று அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. முதல் தொடுகையைத் தற்செயல் என்று எளிதில் ஏற்கலாம். இரண்டாவது தொடுகையை மெதுவாக ஓட்டிப் பார்ப்பவர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். வினாடிக்கு எட்டு ஒன்பது மீட்டர் வேகத்தில், தடைக்குத் தடை ஒரே வினாடி இடைவெளியில் ஓடும் ஒருவருக்குப் பக்கத்து ஆளின் கையைத் திட்டமிட்டுத் தள்ள அவகாசம் இருக்குமா என்பது எனக்கு ஐயமே. வேகமாக ஓட வேண்டிய கை தானாக வெளியே போகும். களைப்பில் இன்னும் வெளியே போகும்.

விதி எதைக் கேட்டது?

நல்லவேளையாக, நடுவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. பன்னாட்டுத் தடகளச் சம்மேளனத்தின் அன்றைய 163ஆம் விதியின் இரண்டாம் பிரிவு, மற்றொரு வீரரை இடித்தோ மறித்தோ அவர் முன்னேற்றத்தைத் தடுப்பவர் தகுதி நீக்கத்துக்கு உள்ளாகலாம் என்றது. எண்ணம் நல்லதா கெட்டதா என்று அது கேட்கவில்லை. தொடுகை இருந்ததா, அதனால் மற்றவர் தடைபட்டாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் காணொளியில் விடை இருந்தது. மனத்தை ஆராய முற்படாமல் விளைவை மட்டும் பார்க்கும் விதி கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் எண்ணத்தை நிரூபிக்கச் சொன்னால் எந்த நடுவராலும் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. இடிபட்டவருக்கோ, இடித்தவர் என்ன நினைத்தார் என்பதால் இழப்பு கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை.

அதே விதி நடுவருக்கு இன்னோர் அதிகாரமும் கொடுத்தது. தகுதி நீக்கப்பட்டவரை விலக்கிவிட்டு ஓட்டத்தை மீண்டும் நடத்த அவர் ஆணையிடலாம். டேகுவில் அது நடக்கவில்லை. நடந்திருந்தால் ரிச்சர்ட்சனும் டர்னரும், தாங்கள் செய்யாத தவறுக்காக, ஏற்கெனவே ஓடி வென்ற இடத்தை மறுபடி பணயம் வைக்க வேண்டியிருக்கும். மறு ஓட்டம் தகுதிச்சுற்றில் எளிது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 4×100 மீட்டர் தொடரோட்டத் தகுதிச்சுற்றில் பிரேசில் வீராங்கனையால் இடையூறு நேர்ந்த அமெரிக்க அணி, பிற்பாடு வெறும் திடலில் தன்னந்தனியாக ஓடி, அந்த நேரத்தைக் கொண்டு இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தது. இறுதிச்சுற்றில் அந்த வழி செல்லாது. அங்கே நேரத்தோடு போட்டியில்லை. பக்கத்தில் ஓடும் ஆளோடுதான் போட்டி.

இதனால் டேகுவின் முடிவில் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. லியுவுக்கு அளிக்கப்பட்ட வெள்ளி, இடிபட்டுத் தடுமாறிய பிறகு அவர் எந்த இடத்தில் வந்தாரோ அதிலிருந்து ஒரு படி மேலே. இடிபடாமல் இருந்திருந்தால் வென்றிருப்பாரா? அவர் முன்னேறி வந்த வேகத்தைப் பார்த்தால் வென்றிருப்பார் என்றே பலர் சொல்வார்கள், நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் கடைசித் தடையில் தானாகவே இடித்துக்கொண்டு தோற்றவர்களும் இந்த ஓட்டத்தில் ஏராளம். நடக்காத ஓட்டத்துக்குப் பதக்கம் கொடுக்க எந்த விதிப்புத்தகத்திலும் இடமில்லை.

அதற்காக ரிச்சர்ட்சனின் தங்கத்தைக் குறைத்துப் பேசுவதும் முறையாகாது. அன்று தன் பாதைக்குள், யாரையும் தொடாமல், வேறு எவரையும்விட வேகமாக ஓடியவர் அவர்தான். டர்னரும் அப்படியே. 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர் என்ற வகையில் இந்திய ரசிகர்கள் சிலருக்கு அவரை நினைவிருக்கலாம்.

பிறகு

அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ரிச்சர்ட்சன் 13.04 வினாடியில் வெள்ளி பெற்றார். தங்கம், டேகுவில் ஐந்தாம் இடம் பெற்றிருந்த ஏரிஸ் மெரிட்டுக்கு, 12.92. அதே இறுதிச்சுற்றில் ரோபிள்ஸ் தசைக் காயத்தால் நடுவழியில் நின்று, மீண்டும் தகுதி நீக்கப் பட்டியலில் இடம்பெற்றார். ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 7 அன்று பிரசல்சில் மெரிட் 12.80 வினாடியில் ஓட, ரோபிள்ஸின் உலக சாதனையும் போயிற்று. ஆலிவர் காத்திருந்து 2013இல் மாஸ்கோவில் 13.00 வினாடியில் உலக சாம்பியன் ஆனார்.

லியு லண்டன் தகுதிச்சுற்றின் முதல் தடையிலேயே இடித்து விழுந்தார். மீண்டும் குதிகால் தசைநாண். எழுந்து ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, பாதையின் ஓரமாக முடிவை நோக்கி வந்தார். கடைசித் தடையருகே நின்று அதைக் குனிந்து முத்தமிட்டார். அது அவர் பங்கேற்ற கடைசிப் போட்டி. 2015 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். அன்று முடிவுக் கோட்டருகே அவருக்காகக் காத்திருந்த ஹங்கேரியின் பலாஷ் பாயி, அவர் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். பிறகு அவரைத் தாங்கிப் பிடித்து சக்கர நாற்காலி வரை நடத்திச் சென்றவர்களுள் ஒருவர், அதே தகுதிச்சுற்றில் ஓடி முடித்திருந்த ஆன்டி டர்னர்.